உங்கள் மாணவர்களைக் குரங்கணிக்கு அனுப்புங்கள்

தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



முதியவர் ஒருவரின் வாயைத் தொடாமல் இந்த மாநிலத்தில் யாரும் பல் மருத்துவர் ஆவதில்லை. முழுப் பல் செட் செய்யப் பழக வேண்டுமென்றால் பல் எல்லாம் போன ஒருவர் வேண்டும்; அவர் அநேகமாக அறுபதைத் தாண்டியவராகத்தான் இருப்பார். கோட்டா முடிக்கவும் தேர்வில் உட்காரவைக்கவும் அப்படி ஒருவரைத் தேடி உங்கள் மாணவர்கள் அலைவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். அவர் வந்து வாயைத் திறக்கிறார். அளவெடுக்கிறார்கள், மெழுகில் பல் அடுக்கிப் பார்க்கிறார்கள், நாலைந்து முறை வரவழைத்து ஒருநாள் செட்டை மாட்டி அனுப்புகிறார்கள். மதிப்பெண் விழுகிறது, கேஸ் முடிகிறது. அந்தப் பெரியவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுத கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவதோடு சரி. வீட்டில் என்ன சாப்பிடுகிறார், கன்னத்துக்குள் எதை அடக்கிக்கொள்கிறார், செட்டை இரவில் கழற்றி வைக்கிறாரா, அடுத்த ஆண்டும் அது அவர் வாயில் நிற்குமா என்ற கேள்விகளுக்கு அங்கே கட்டமே இல்லை. இந்த மடலில் நான் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான். முதியவரின் வாயை ஆண்டுக்கணக்கில் காத்துவர வேண்டும். அப்படிக் காப்பதைக் கற்க ஏற்ற இடம் அவர் வாழும் வீடு. எந்த வீடு என்று கேட்டால், தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து (போடி) சுமார் 16 கிலோமீட்டரில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கும் குரங்கணியைக் காட்டுவேன்.

இதை இப்போதே பேச வேண்டிய அவசரம் கணக்கிலேயே தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021-க்கு 13.6 சதவீதம் என்றும், 2031-க்கு 18.2 சதவீதம் என்றும் சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இன்று உங்களிடம் முதலாண்டில் சேரும் பிள்ளை படித்து முடித்துத் தன் பெயருக்குப் பலகை மாட்டும் காலத்தில், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் முதியவர் என்ற நிலையை நெருங்கியிருப்போம். பொது மருத்துவம் இதை முன்கூட்டியே உணர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு 1978-ல் தொடங்கியது. 1996-ல் முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பே வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் 1953-லிருந்து நீளும் பெருமை உண்டு. ஆனால் இந்தியாவில் பல் மருத்துவ முதுநிலைப் படிப்புக்கு உள்ள ஒன்பது பிரிவுகளில் குழந்தைகளுக்கு ஒன்று இருக்கிறது, முதியோருக்கு இல்லை. இளநிலைப் பாடத்திட்டத்திலும் அவர்களுக்கென்று தனித்தாள் கிடையாது. செயற்கைப் பல் துறையில் கொஞ்சம், வாய்நோய்த் துறையில் கொஞ்சம், சமூகப் பல் மருத்துவத்தில் கொஞ்சம் என்று முதுமை சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதை யாரும் பொறுப்பேற்றுக் கேட்பதில்லை.

குழந்தையின் வாயைப் பெரியவர் வாயின் சிறிய வடிவமாக எண்ணிவிடக் கூடாது என்று நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். முதியவரின் வாயும் அதே அளவுக்கு வேறுபட்டது. ஒரு வாயை அருகில் வைத்துப் பார்ப்போம். பரிசோதிக்கும் கண்ணாடியை உள்ளே விட்டால் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. நாக்கு வறண்டு, நடுவில் வெடித்துக் கிடக்கிறது. முன்பல்லின் கழுத்தில், ஈறு இறங்கிப்போன இடத்தில், பழுப்பு நிறத்தில் தோல் போலப் பதமாக ஒரு வளையம். வலி கிடையாது. வலி இல்லாததால் யாரும் காட்டவும் இல்லை. ஒருநாள் சோறு மெல்லும்போது அந்தப் பல் கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிடும். இது வயதின் தலையெழுத்து அல்ல, காரணம் உள்ள நோய். எனாமல் கரைய வேண்டுமென்றால் வாயின் பிஎச் அளவு சுமார் 5.5 வரை இறங்க வேண்டும். வெளியே தெரியும் வேர்ப்பகுதிக்கு 6-ஐத் தாண்டிய அளவே போதும், அதாவது லேசான புளிப்பே கரைத்துவிடும். அந்தப் புளிப்பைக் கழுவிச் சமன்செய்ய வேண்டிய உமிழ்நீரை வற்றவைப்பது பெரும்பாலும் மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கும், மனச்சோர்வுக்கும், அரிப்புக்கும், சிறுநீர் பிரியவும் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பல வாயை உலர்த்துகின்றன. பரவலாகக் கொடுக்கப்படும் ஆம்லோடிபின் சிலருக்கு ஈற்றைத் தடிக்கவைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுகருக்கும் பிரஷருக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அது உயிர்காக்கும் பெரிய காரியம். மாத்திரை வீடு தேடிப் போகும்போது, அந்த மாத்திரை வாயில் செய்யும் வேலையைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் பின்னாலேயே போக வேண்டாமா?

பல் எல்லாம் போனபிறகு வாயில் இனி ஒன்றும் இல்லை, செட் கட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் உங்கள் துறைக்குள்ளும் இருக்கிறது. அந்த எண்ணத்தை உடைப்பவை உங்கள் துறையின் சான்றுகளே. முழுப் பல் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆன்டியே டால்கிரனின் ஆய்வு 1972-ல் வெளிவந்தது. பல் போனபின் தாடை எலும்பு கரைவது நிற்பதேயில்லை என்பதையும், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்பதையும் அது காட்டியது. அப்படியானால் இன்று கச்சிதமாகப் பொருந்தும் கீழ்ச்செட் சில ஆண்டுகளில் ஆடும், குத்தும், புண்ணாக்கும். போடியிலோ தேனியிலோ கட்டிவந்த செட் துணியில் சுற்றி டப்பாவுக்குள் போவது அப்படித்தான். கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் வெளியே வரும். கழற்றாமலே இரவும் பகலும் போட்டிருப்பவரின் மேலண்ணத்தைப் பார்த்தால், செட்டின் எல்லையை ஸ்கேல் வைத்து வரைந்ததுபோலச் சிவந்து கிடக்கும், பூஞ்சை படிந்திருக்கும். செட்டைச் செய்யக் கற்ற மாணவர், அது டப்பாவுக்குள் போவதையும் அண்ணத்தைப் புண்ணாக்குவதையும் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார். பக்கத்துக் கேரளத்தில் ‘மந்தஹாசம்’ என்றும், கர்நாடகத்தில் ‘தந்த பாக்ய’ என்றும் ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல் செட் தரும் திட்டங்கள் உண்டு. அவை வரவேற்க வேண்டியவை. தமிழ்நாட்டிலும் அப்படி விரிவாகச் செய்யலாம். ஆனால் கொடுத்த செட்டை ஆண்டுக்கொருமுறை பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த, சரிசெய்யப் போகிற மருத்துவர் இல்லாவிட்டால், கொடுத்த எண்ணிக்கைதான் மிஞ்சும்.

செட்டைவிடப் பெரிய கேள்வி கன்னத்தின் உட்புறத்தில் இருக்கிறது. பல் போன முதியவர்கள் வீட்டில் கைக்கடக்கமாக ஒரு சிறு உரல் இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும் அதில் போட்டு இடித்து, மசிந்ததை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். உரலின் உட்புறம் செம்பழுப்பாக ஊறிப்போயிருக்கும். மெல்லப் பல் இல்லை என்பதால் பழக்கம் நிற்பதில்லை, உரல் பல்லின் வேலையைச் செய்கிறது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இந்த இடத்தில் நமக்கு நேரடியாக வழிகாட்டும் ஆய்வு மலைக்கு அந்தப் பக்கமே நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கி, 1,90,000-க்கும் மேற்பட்டவர்களை உட்படுத்திய வாய்ப்புற்று ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் இறப்பது 34 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களிடம் போனால்தான் பலன் என்பதே அதன் பாடம். பல் மருத்துவர் அல்லாதவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்ததிலேயே இவ்வளவு உயிர் மிஞ்சியது. வாயைப் பார்ப்பதையே தொழிலாகக் கற்கும் உங்கள் மாணவர், செட்டுக்கு அளவெடுக்கும் அவசரத்தில் அந்தக் கன்னத்தின் வெள்ளைத் திட்டைத் தவறவிட்டால், அதைப் பாடத்திட்டத்தின் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, ஏன் குரங்கணி? போடி வட்டாரத்தில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளில் ஏறும், சாயங்காலம்தான் இறங்கும். வேலைக்குப் போகும் முதியவருக்கு மருத்துவமனையின் ஓ.பி. நேரம் என்பது ஒரு நாள் கூலி. வேலைக்குப் போக முடியாத முதியவரை அழைத்துப் போக ஆள் இல்லை. மகனும் மருமகளும் மலையில் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் உண்டு, பல் மருத்துவக் கல்லூரி என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது தடவை வராத நோயாளியின் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதும் மாணவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அவர் அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறார். அப்படியே மனதில் பதிந்தும் விடுகிறது. குரங்கணிக்கு வந்து ஒரு சாயங்காலம் ஜீப் இறங்குவதைப் பார்த்தால் அந்த எண்ணம் தானாகத் திருந்தும். 2018 மார்ச் 11-ல் மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதன்பின் மலையேறுவோரின் பாதுகாப்புக்கு விதிகள் வந்தன. ஆண்டு முழுக்க அதே சரிவில் வாழ்ந்து மூப்படைகிறவர்களைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எழவில்லை. இவ்வளவுக்கும் இது எட்டாத மலை அல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மூணாறுப் பக்கத்துத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. சரக்கு இறங்க அன்றைக்கே வழி கண்டார்கள். மருத்துவம் ஏறுவதற்கு இன்றைக்கு வழி இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூனிலிருந்து அகல ரயிலும் போடி வரை வந்துவிட்டது.

வீட்டுக்குப் போவதால் மாணவர் கற்றுக்கொள்ளும் இன்னொன்று, அங்கே தனக்கு முன்பே ஒரு மருத்துவர் இருக்கிறார் என்பது: மகள், மருமகள், பேத்தி, சில வீடுகளில் முதியவரைப்போலவே வயதான வாழ்க்கைத் துணை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவருக்குச் சோறு ஊட்டுபவர்தான் அவர் வாயையும் துடைக்கிறார், அல்லது எப்படித் துடைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார். ஜப்பானில் யோனெயாமா குழுவினர் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதன் எடையைக் காட்டுகிறது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்ட பிரிவில் நூற்றுக்கு 11 பேருக்கும், அப்படிச் செய்யாத பிரிவில் 19 பேருக்கும் நிமோனியா வந்தது. வாயின் அழுக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். இந்தச் சான்று இன்னும் வலுப்பட வேண்டும் என்று பின்வந்த மதிப்பாய்வுகள் சொல்வது உண்மை. ஆனாலும் ஒரு மெல்லிய பிரஷ்ஷும் பத்து நிமிடமும் செலவாகும் காரியத்துக்கு இதற்குமேல் எவ்வளவு சான்று வேண்டும்? சுகரும் ஈறுநோயும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதும், ஈற்றுக்கு முறையாக வைத்தியம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்பதும் நீங்கள் அறிந்ததே. படுத்திருப்பவரின் தலையை எந்தப் பக்கம் சாய்த்துத் துலக்க வேண்டும், செட்டை எப்படிக் கழற்றி எதில் போட்டுவைக்க வேண்டும் என்று ஒரு மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அடுத்த மாதம் போய் அவர் செய்வதைப் பார்க்கும் மாணவர், எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காத திறமையோடு திரும்புவார். அவர் செய்த வைத்தியத்தைவிட அவர் கற்றுக்கொடுத்தது அந்த வீட்டில் அதிக நாள் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும், நீங்கள் ஹவுஸ் சர்ஜன் என்று அழைக்கும் ஒவ்வொருவருக்கும், இரண்டு முதியவர்களை ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை, ஓராண்டுக்குப் பன்னிரண்டு முறை, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். முந்தல், குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி என்று ஊர்களைப் பிரித்துக்கொள்ளலாம். போகும் நேரம் ஜீப் இறங்கியபிறகு, அல்லது வேலையில்லாத ஞாயிறு. நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் கூடவே போகட்டும்; ஆண்டு முடிவில் அதே முதியவரை, அதே நோட்டோடு, அவர் பொறுப்பேற்கட்டும். அப்போதுதான் வைத்தியம் அறுபடாது. தேர்விலும் இதற்கு இடம் வேண்டும். பல் செட்டின் பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும் அதே கையால், இந்த முதியவரின் மாத்திரைப் பட்டியல் வாயை என்ன செய்கிறது, கன்னத்தை எந்தத் தேதியில் பார்த்தீர்கள், வீட்டில் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தீர்கள், ஜனவரியில் இருந்த வேர்ச்சொத்தை டிசம்பரில் எப்படி இருக்கிறது என்ற கேள்விகளுக்கும் மதிப்பெண் போடுங்கள். மாணவர் எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பாடநூலைவிடத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குரங்கணி மதுரைக் கல்லூரிகளுக்குப் பக்கம். சிதம்பரத்துக் கல்லூரிக்கு அதன் குரங்கணி கடற்கரைக் குப்பங்களில் இருக்கும்; புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசுக் கல்லூரிக்கு வானம் பார்த்த கிராமங்களில் இருக்கும்; சென்னைக்கு அது பழைய குடிசைமாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியாகவும் இருக்கலாம்.

பாடத்திட்டம் ஏற்கெனவே பிதுங்குகிறது, இதற்கு எங்கே நேரம் என்பது உங்கள் முதல் மறுப்பாக இருக்கும். நேரம் இருக்கிறது. பல் மருத்துவப் பயிற்சி ஆண்டில் சமூகப் பல் மருத்துவத்துக்கும் ஊரகப் பணிக்குமாக மூன்று மாதங்கள் விதிமுறையிலேயே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாட்களில் பெரும்பகுதி முகாம்களில் கழிகிறது. பள்ளிக்கூடத் திண்ணையில் மேசை போட்டு, பேனர் கட்டி, இத்தனை பேரைப் பார்த்தோம், இத்தனை பல் எடுத்தோம் என்று எழுதிவைத்துத் திரும்பும் முகாமில் நன்மை இல்லாமலில்லை. வலித்த பல் போகிறது. ஆனால் ஒரே முகத்தை இரண்டாவது முறை பார்க்காத பயிற்சியில் முதுமையைக் கற்க முடியாது, ஏனென்றால் முதுமையின் நோய்கள் மெதுவானவை. மூன்று மாதத்தை ஒரே கட்டியாகச் செலவழிக்காமல் ஆண்டு முழுக்கப் பிரித்துவைத்தால், புதிய துறையோ புதிய தாளோ கூட வேண்டியதில்லை. ஐரோப்பிய முதியோர் பல் மருத்துவக் கழகம் 2009-லேயே இளநிலை மாணவர்களுக்கான பாட வழிகாட்டியை வகுத்துத் தந்திருக்கிறது. அதை நம் வெற்றிலைக்கும் நம் வீடுகளுக்கும் ஏற்றபடி மாற்றி எழுத உங்களால் முடியும்.

இரண்டாவது மறுப்பு கருவி பற்றியது. அதோடு பயமும் சேர்ந்தது. நாற்காலி இல்லை, கம்ப்ரஸர் இல்லை, மின்சாரம் நம்பமுடியாது, இதயநோயாளிக்கு மலையில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பீர்கள். நாற்காலி இல்லாமல் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் இன்று இருக்கிறது. 1980-களில் தான்சானியாவில் உருவான முறையில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கலாம்; மின்சாரமே வேண்டாம். வேர்ச்சொத்தையை நிறுத்தச் சில்வர் டையமீன் ஃப்ளோரைடை ஒரு சொட்டுத் தடவினால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. தடவிய இடம் கறுக்கும், அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதும் ஒரு பாடம். பல் பிடுங்குவது போன்ற ரத்தம் வரும் வேலைகளை மலையில் செய்ய வேண்டாம். அவற்றைப் போடி அரசு மருத்துவமனைக்கோ க.விலக்குக்கோ அனுப்புங்கள், ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவாமல், அவர் போய்ச் சேர்ந்தாரா என்று மாணவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். பயத்தைப் பொறுத்தவரை ஒன்றை எண்ணிப் பாருங்கள்: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரும், எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்பவரும் நாளை இந்த மாணவரின் கிளினிக்குக்குத் தனியாக வரத்தான் போகிறார்கள். பக்கத்தில் ஆசிரியர் இருக்கும்போது கற்காத நிதானத்தை அவர் எப்போது கற்பார்?

மூன்றாவது மறுப்பு முதியவர்களிடமிருந்தே வரும். வயசானா பல் விழத்தானே செய்யும், இனி எதுக்கு இதெல்லாம் என்பார்கள். பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி சொன்ன சமூகம், பல் போவதை மட்டும் விதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜப்பானிலும் நிலைமை இப்படித்தான் இருந்தது. எண்பது வயதில் இருபது பல் என்ற இலக்கோடு 1989-ல் அவர்கள் இயக்கம் தொடங்கியபோது, அந்த வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பல் இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப்பேருக்குமேல் இருந்தது. இரண்டே தலைமுறைக்குள் விதி மாறியது என்றால் அது விதியே இல்லை. ஜப்பானின் பணமும் காப்பீடும் நம்மிடம் இல்லை என்பது சரிதான். ஆனால் அறுபது வயதில் மிச்சமிருக்கும் பல்லைக் காப்பது, எண்பது வயதில் செட் கட்டுவதைவிட மலிவு. ‘இனி எதுக்கு’ என்பதை நோயாளி சொன்னால் அது களைப்பு. அதையே மருத்துவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டால் அது கைவிடுதல். இரண்டையும் பிரித்தறியும் பக்குவம் பழக்கத்தில்தான் வரும்.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு. எனக்கே கனமாகப் படுவது இதுதான். மலையடிவாரத்து ஏழைகளைக் கற்றுக்குட்டிகளின் பயிற்சிப் பொருளாக்குவது நியாயமா? இந்தக் கேள்வியை யாராவது எழுப்பினால் அவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த அநியாயம் இன்று நடந்துகொண்டிருப்பதுதான். கோட்டாவுக்காக அழைத்துவரப்படும் முதியவர், தேர்வு முடிந்தபின் யாருடைய பொறுப்பும் இல்லை. செட் குத்தினால் அவர் யாரைத் தேடிப் போவார்? அதைச் சரிசெய்யவேண்டிய மாணவர் அடுத்த துறைக்குப் போய்விட்டார். நான் கேட்கும் ஏற்பாட்டில் பயிற்சி இருக்கிறது, ஆனால் கடமையும் கூடவே இருக்கிறது: பெயரோடு ஒரு மாணவர், தேதியோடு அடுத்த வருகை, வேண்டாம் என்றால் மறுக்கும் உரிமை, தவறினால் கேட்க ஓர் ஆசிரியர். உங்கள் கல்லூரி ஒரு ஊருக்குள் நுழைந்தால் குறைந்தது ஐந்தாண்டு அங்கே இருப்போம் என்று ஊராட்சியிடம் எழுத்தில் சொல்லிவிட்டு நுழையட்டும். அந்த உறுதி இல்லாமல் வருவதென்றால் வராமலிருப்பதே மேல்.

போடியிலிருந்து ஏலக்காய் நாடெங்கும் போகிறது. சாப்பிட்டு முடித்து ஒரு காயை வாயில் போட்டு மெல்லாத ஊர் இல்லை. அந்தக் காயை நாற்பது ஐம்பது ஆண்டுகள் குனிந்து எடுத்தவர்களின் வாயை ஒரு மருத்துவர் டார்ச் அடித்து, பொறுமையாக, கன்னம் கன்னமாகப் பார்க்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கை இல்லை. அடுத்த கல்வியாண்டுக்கான பயிற்சி அட்டவணையை நீங்கள் எழுதும்போது, மூன்று மாதம் என்றிருக்கும் இடத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குமாகப் பிரித்து, அதற்கு எதிரே ஓர் ஊரின் பெயரை எழுதுங்கள். முதலில் போகும் மாணவரிடம், வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சிறு உரல் எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

மிகுந்த மதிப்புடனும் நம்பிக்கையுடனும்,
போடிநாயக்கனூரிலிருந்து